செடியில் தெரியும் குறை, எருவில் இருக்கும் காரணம்

புறவாசலில் கத்தரி, தக்காளி, சீனியவரை, தண்டங்கீரை என்று நாலு பாத்தி போட்டிருப்பவர்களுக்கு எருவால் வரும் தொந்தரவு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. எரு பக்குவமாவதற்கு முன்பே மண்ணுக்குப் போய்விடுகிறது. தொழுவில் காலையில் வழித்த சாணி மத்தியானம் பாத்தியில் கிடக்கும். பத்து நாளில் இலை கருகும், அல்லது வெளுக்கும். அதைப் பார்த்து மேலும் ஒரு கடகம் (பெரிய ஓலைப்பெட்டி) எரு போடுவார்கள். அங்கேதான் கெடுகிறது.

செடியைப் பார்த்ததும் மருந்துக் கடைக்குப் போகாமல், மூன்று விஷயங்களை விசாரித்துக்கொள்ளுங்கள். எந்தப் பிராணியின் எரு? எத்தனை மாதம் கிடந்தது? கூட என்ன கலந்திருந்தது: வைக்கோலா, உமியா, தேங்காய் நார்க்கழிவா, வெறும் மண்ணா? டிராக்டர் லோடாக வாங்கும் எருவில் பாதி மண்ணாக இருப்பது இந்தத் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சாதாரணம். ஒரு கைப்பிடியை வாளித் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடம் விட்டால் மணல் அடியில் படிந்துவிடும். விலை பேசுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

அளவும் முக்கியம். தொழு உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் அரை சதவீதம்தான். உலர்ந்த ஆட்டு எருவிலும் கோழி எருவிலும் அது 3 சதவீதம் வரை போகும். அதாவது 10 கிலோ தொழு உரம் 50 கிராம் தழைச்சத்துத் தருகிற இடத்தில், 10 கிலோ கோழி எரு 300 கிராம் தந்துவிடும். கடகம் ஒன்றுதான், காரம் ஆறு மடங்கு. 10 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள பாத்திக்கு மக்கிய தொழு உரம் 10 கிலோ, ஆட்டு எரு 3 முதல் 4 கிலோ, மக்கிய கோழி எரு 2 கிலோ. மூன்றையும் சேர்த்துப் போடக் கூடாது. ஒன்றைப் போட்டால் போதும்.

நட்ட நாற்று ஒரே வாரத்தில் கருகுகிறது

இலை ஓரம் பழுப்பாகிச் சுருளும். மண் ஈரமாகத்தான் இருக்கும், ஆனாலும் உச்சி வெயிலில் செடி தலை தொங்கும். இப்படி ஒரு செடியைக் கைவிட்டதாக நினைத்துக்கொண்டு மண்ணோடு பிடுங்குங்கள். வேரை ஒரு குவளைத் தண்ணீரில் மெதுவாக அலசி உள்ளங்கையில் விரித்துப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய நுனிகள் பழுப்பாக, தீய்ந்த நூல்முனை மாதிரி நின்றுபோயிருந்து, பக்கவேர் எதுவும் விடாமல் இருந்தால் அது எருச் சூடு. வேரின் தோல் வழுக்கிக் கழன்று நாற்றம் அடித்தால் தண்ணீர் தேங்கிய அழுகல். வேரில் சிறு சிறு முடிச்சு கட்டியிருந்தால் நூற்புழு. அதற்கும் எருவுக்கும் சம்பந்தம் இல்லை.

எருச் சூடு என்பது வெறும் வெப்பம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வேரைச் சுடுவது அம்மோனியாவும் உப்பும். கோழி எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் ஈரம் பட்டதும் யூரியாவாகி, பிறகு அம்மோனியாவாக மாறுகிறது. தூரில் இரண்டு அங்குலம் தோண்டி முகர்ந்தால் தொழுவின் மூத்திர நெடி மூக்கில் ஏறும். பச்சைக் கோழி எருவில் இது கடுமை, ஆட்டு எருவில் அடுத்தபடி. பசுஞ்சாணி இத்தனை சுடாது. ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் தூரை அப்பிக்கொண்டு காற்றை அடைக்கும்.

சரிசெய்ய, முதலில் தூரைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு எருவை வழித்து வெளியே எடுங்கள். செம்மண்ணாகவோ ஆற்று வண்டலாகவோ இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று தடவை பாத்தி நிறையத் தண்ணீர் விடுங்கள், உப்பு கீழே இறங்கிவிடும். கரிசலில் அப்படி விடாதீர்கள். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேரை மூச்சுமுட்டச் செய்யும். அங்கே வழித்தெடுத்தபின் ஒரே தண்ணீரோடு நிறுத்துங்கள். ஒரு வாரம் பனையோலையோ தென்னங்கீற்றோ சாய்த்து நிழல் கொடுங்கள். மூன்று வாரத்துக்குக் கரைசல், புண்ணாக்கு எதுவும் வேண்டாம். பாதிக்கு மேல் செடி கருகியிருந்தால் பிடிவாதம் பிடிக்காமல் பிடுங்கிவிட்டு, பாத்தியைக் கொத்திப் புரட்டி, ஈரம் காயாமல் ஆறு வாரம் ஆறப்போட்டுப் புது நாற்று நடுங்கள்.

செடி வெளுத்து, வளராமல் நிற்கிறது

வெளுப்பு எந்த இலையில் என்பதுதான் கேள்வி.

அடியிலைகள் முதலில் மஞ்சளாகி, செடி முழுதும் சோகை பிடித்தாற்போல் இருந்தால் தழைச்சத்துப் பற்றாக்குறை. எரு போட்டும் எப்படி என்றால், எருவோடு வந்த வைக்கோல், உமி, மரத்தூள், நார்க்கழிவு மக்கவில்லை. அவற்றில் கரி (கார்பன்) அதிகம், தழைச்சத்து குறைவு. அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். செடிக்கு மிஞ்சாது. பிராய்லர் பண்ணையிலிருந்து வரும் எருவில் இது அடிக்கடி நேரும். தரையில் பரப்பிய உமியோ நார்க்கழிவோதான் அதில் பாதி. பரிகாரம்: மாட்டுக் கோமியம் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, வாரம் ஒருமுறை செடிக்கு அரை லிட்டர் தூரில் ஊற்றுங்கள். அல்லது கால் கிலோ கடலைப் புண்ணாக்கை 10 லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து அதே அளவு ஊற்றுங்கள். மூன்று தடவையில் புதுத் துளிர் பச்சை காட்டும். உமியை மண்ணுக்குள் புதைக்காமல் மேலே மூடாக்காகக் கிடக்கவிட்டால் இந்தக் களவு பெரும்பாலும் நடக்காது.

கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் கதை வேறு. அது இரும்புச் சத்துக் குறை. கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கக் கரிசலில் மண்ணே சுண்ணாம்புப் பாங்கானது. அதில் முட்டைக்கோழி எரு போட்டால் தீவனத்துச் சுண்ணாம்பும் சேர்ந்துகொள்ளும். மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது. இதற்கு மேலும் எரு போடுவதும் அடுப்புச் சாம்பல் தூவுவதும் நோயைக் கூட்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, வெயில் தாழ்ந்தபின் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை. கரைசலை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாளுக்கு வைத்தால் துருநிறமாகி வீணாகும்.

இலைதான் தழைக்கிறது, காய் இல்லை

செடி கரும்பச்சையாக, தண்டு தடித்து, பார்க்க அழகாக இருக்கும். பூ வராது, வந்தாலும் உதிரும். துளிரில் அசுவினி மொய்க்கும். தழைச்சத்து கூடிவிட்டது. தக்காளி, மிளகாய், புடல், பாகல் எல்லாவற்றிலும் இதைக் காணலாம். நம் பக்கத்துச் சிறுகிழங்கில் இந்தத் தப்பு வெளியே தெரியாமல் ஏமாற்றும். கொடி பாத்தியை மூடிப் படர்ந்திருக்கும், பொங்கலுக்குத் தோண்டினால் கிழங்கு சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். முள்ளங்கியும் அப்படித்தான், பச்சை எருவில் வேர் கவைவிட்டுக் கோணும். கிழங்குப் பயிருக்குப் போன பருவத்தில் எரு போட்ட பாத்தியைக் கொடுப்பது நல்லது.

செய்ய வேண்டியது எருவையும் கரைசலையும் நிறுத்துவது, தண்ணீரைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பது, செம்மண்ணாக இருந்தால் செடிக்கு ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல் தூரிலிருந்து தள்ளித் தூவுவது. கரிசலில் சாம்பல் வேண்டாம். நுனி கிள்ளிவிட்டால் பக்கக் கிளையில் பூ பிடிக்க வாய்ப்பு உண்டு.

புழுக்கை புழுக்கையாகவே கிடக்கிறது

மூன்று மாதத்துக்கு முன் போட்ட ஆட்டுப்புழுக்கை மேலே கருமணி மாதிரி உருண்டுகொண்டிருக்கும். வெயிலில் காய்ந்த புழுக்கையின் மேல்தோல் கெட்டியாகித் தண்ணீரை உள்ளே விடாது. ஐப்பசி மழை தொடர்ந்து நனைக்கும்போது எல்லாம் ஒரே சமயத்தில் கரையும், அப்போது செடிக்கு மிதமிஞ்சிப் போகும். போடுவதற்கு முன் சாக்கில் கட்டி ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காலால் மிதித்தோ உலக்கையால் இடித்தோ நொறுக்குங்கள். ஊறிய தண்ணீரைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து வாழைத் தூரில் ஊற்றலாம்.

ஆட்டு எருவோடு வரும் இன்னொரு விருந்தாளி சீமைக்கருவேல். கோடையில் ஆடுகளுக்கு அதன் நெற்றுதான் பாதித் தீனி. கெட்டியான விதைகளில் ஒரு பங்கு குடலைக் கடந்தும் சாகாமல் வந்துவிடும். பாத்தியில் இரண்டு இலையோடு முளைத்தவுடனே விரலால் பிடுங்கிவிடுங்கள். ஒரு மாதம் விட்டால் ஆணிவேர் இறங்கிவிடும், பிறகு மேலே ஒடிந்து கீழே நிற்கும். அடுத்த தடவைக்கு, எருவைப் போட்டதும் விதைக்காதீர்கள். பாத்திக்கு இரண்டு தண்ணீர் விட்டு, பதினைந்து நாளில் முளைப்பதை எல்லாம் செதுக்கிப் போட்டபின் விதையுங்கள். சாரணை, குப்பைமேனி, பார்த்தீனியம் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். கோரை மட்டும் விதையால் வராமல், குவியலின் அடிமண்ணைச் சுரண்டி அள்ளும்போது கிழங்காக வந்து சேரும். அடியில் நாலு விரற்கடை விட்டுவிட்டு அள்ளுங்கள்.

குப்பையைக் கிளறினால் வெள்ளைப் புழு

எல்லாப் புழுவும் பகை இல்லை. சுருண்டு கிடக்கும் புழு ஒன்றைத் தட்டையான தரையில் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். மல்லாந்து புரண்டு, முதுகாலேயே நெளிந்து ஊர்ந்து போனால் அது பூவண்டின் புழு. மக்குவதைத்தான் தின்னும், குவியலில் அது செய்யும் வேலை நமக்கு லாபம். கட்டைவிரலைவிடத் தடித்து, பக்கவாட்டில் படுத்துக் கிடந்தால் காண்டாமிருக வண்டின் புழு. அதுவும் காய்கறி வேரைக் கடிக்காது. ஆனால் வண்டானபின் தென்னங்குருத்தைத் துளைக்கும். தென்னை உள்ள வீட்டில் இதை விட்டுவைப்பது பெரிய தப்பு. செடியின் தூரிலேயே, வேர் கடிபட்டு வாடிய இடத்தில், கொஞ்சம் சிறிய புழு கிடைத்தால் அதுதான் வேர்ப்புழு.

பின்னிரண்டையும் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். குவியலை மாதம் ஒருமுறையாவது புரட்டினால் முட்டையும் புழுவும் வெளியே வந்துவிடும், மைனாவும் காக்கையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தென்னைக்கு நடுவில் உரக்குழி இருந்தால் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சைப் பொடியைத் தண்ணீரில் கலந்து ஈரமான குழியில் தெளிக்கலாம். வண்டைப் பிடிக்க, ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானையில் வாய்மட்டம் வரை புதைத்து வைப்பது நன்றாக வேலை செய்யும்.

கறையான் வந்தால் எரு காய்ந்து கிடக்கிறது, அரைகுறையாக மக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஈரமான, நன்றாக மக்கிய எருவை அது அவ்வளவாகச் சீண்டாது. வறட்டியும் வைக்கோலும் தெரிகிற எருவைச் செம்மண் பாத்தியில் போடாதீர்கள்.

மேல்மண்ணில் வெள்ளைப் பூச்சு

திசையன்விளை, ராதாபுரம் பக்கம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அதோடு ஆட்டு எருவின் உப்பும் சேர்ந்தால் மண் காயும்போது வெள்ளையாகப் பூக்கும், இலை நுனி தீயும். மாடியில் பையில் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். பூச்சை அரை அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, கிடைக்கிற நல்ல தண்ணீரால் அடிவழியே வடியும்வரை விடுங்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் அதற்கு ஈடு இல்லை. பைக் கலவையில் மக்கிய தொழு உரம் கால் பங்கு, ஆட்டு எருவானால் பத்தில் ஒரு பங்கு. அதைத் தாண்டாதீர்கள். தேரி (செம்மணல் மேடு) மணலில் நேர்மாறான சிக்கல்: போட்டதெல்லாம் தண்ணீரோடு இறங்கிவிடும். பாத்தி அளவை நாலாகப் பிரித்து, இருபது நாளுக்கு ஒரு பங்காகக் கொடுங்கள்.

குவியல் சூடேறவில்லை, அல்லது நாறுகிறது

மேலே சொன்னவற்றில் முக்கால்வாசி இங்கே சரியானால் வராது. அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

குவியல் குறைந்தது மூன்றடி நீளம், அகலம், உயரம் இருக்க வேண்டும். அதைவிடச் சிறியது உள்ளே சூட்டைப் பிடித்துவைக்காது. ஒரு முழ நீளக் கம்பியை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பிடியுங்கள். கையில் வைத்திருக்க முடியாமல் சுட்டால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் இருக்கிறது. களை விதையும் நோய்க்கிருமியும் சாகிற சூடு அது. ஓரத்தில் கிடப்பது அந்தச் சூட்டைப் பார்க்காது. எனவே வாரம் ஒருமுறை மம்பட்டியால் ஓரத்தை உள்ளேயும் உள்ளதை வெளியேயும் புரட்டுங்கள், நாலைந்து தடவை.

சூடேறாவிட்டால் ஈரத்தைப் பாருங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டொரு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும். ஒன்றுமே வராமல் கை திறந்ததும் உதிர்ந்தால் காய்ச்சல், அதாவது ஈரம் பற்றவில்லை. வள்ளியூர், பணகுடிப் பக்கம் ஆனி, ஆடிக் காற்று வெயிலைவிட வேகமாகக் குவியலை உறிஞ்சும். மேற்குப் பக்கம் ஓலைத் தட்டி கட்டி, மேலே கீற்றுப் போட்டு மூடுங்கள். உள்ளே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாக உலர்ந்திருந்தாலும் காய்ச்சல்தான். புரட்டிக்கொண்டே அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளியுங்கள், மேலே மட்டும் ஊற்றினால் உள்ளே போகாது. பிழியும்போது தாரையாக ஒழுகி, முட்டை அழுகிய நாற்றம் வந்தால் தண்ணீர் கூடி, காற்று இல்லை. காய்ந்த சருகு, ஒடித்த வைக்கோல் கலந்து புரட்டுங்கள். கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி என்றால் தழைச்சத்து காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கும் சருகுதான், எரு இரண்டு கடகத்துக்கு ஒரு கடகம்.

மழைக்காலத்தில் குவியலின் அடியிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் வடிந்தால், வடிவது உங்கள் உரம். குவியலை மேட்டில் வைத்து, சுற்றி ஒரு சாண் ஆழ வாய்க்கால் எடுத்து, தார்ப்பாய் மூடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குப் பின் திறந்து கிடந்த எருவில் சக்கைதான் மிச்சம், அதைப் பழைய கணக்கில் போட்டால் பற்றாது.

பக்குவமானதா என்று பார்க்க இரண்டு சோதனை. ஈர எரு ஒரு பிடியை பாலிதீன் பையில் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள். பிரித்தால் மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். புளிப்போ மூத்திர நெடியோ வந்தால் இன்னும் ஒரு மாதம். அடுத்தது சிரட்டைச் சோதனை. இரண்டு தேங்காய்ச் சிரட்டையின் கண்ணைத் துளைத்து, ஒன்றில் வெறும் மண், மற்றதில் பாதி மண்ணும் பாதி எருவும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் பத்துப் பாசிப்பயறு ஊன்றித் தண்ணீர் தெளியுங்கள். மூன்றாம் நாள் இரண்டிலும் முளை ஒன்றுபோல இருக்க வேண்டும். ஏழாம் நாள் எருச் சிரட்டையில் முளை குறைந்தோ, இலை ஓரம் தீய்ந்தோ இருந்தால் அந்த எரு பாத்திக்குப் போகக் கூடாது. ஒரு வாரம் செலவாகும், ஒரு பருவம் மிஞ்சும்.

புரட்டும் குவியலுக்கு மூன்று மாதம், புரட்டாத குழிக்கு ஆறு மாதம். பிசான அறுவடை முடிந்து மாசியில் வைக்கோல் மலிவாகக் கிடைக்கும்போது குவியலைத் தொடங்கினால் ஆடிப் பட்டத்துக்குக் கையில் எரு இருக்கும்.

ஈ மொய்க்கிறது

பச்சைக் கோழி எச்சம் திறந்து கிடக்கிறது. இரண்டு அங்குலக் கனத்துக்கு மண்ணோ மக்கிய எருவோ போட்டு மூடுங்கள், மூன்று நாளில் அடங்கும்.

கீரையை எப்போது பறிக்கலாம்

பச்சை எருவில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். மக்காத எருவை மண்ணில் சேர்த்தால், மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு 120 நாளும் தொடாததற்கு 90 நாளும் இடைவெளி விட வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. கீரை முப்பது நாளில் பறிக்கிற பயிர். ஆகவே அதற்குப் பச்சை எரு என்ற பேச்சே கிடையாது, மக்கியது மட்டும்தான். வெள்ளரி, கொத்தமல்லி போலப் பச்சையாகத் தின்பவைக்கும் இதே கண்டிப்பு. சாணிக் கரைசலையும் ஜீவாமிர்தத்தையும் கீரை இலைமேல் தெளிக்காமல் மண்ணில் ஊற்றுங்கள். நாய், பூனைக் கழிவை எந்த நிலையிலும் காய்கறிக் குவியலில் சேர்க்காதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொண்டு எரு அள்ளுங்கள். காயத்தில் சாணி பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.